எல்லைக் கடைக்கு ராசி கிடையாது

2023 செப்டம்பர் 20. கேரள அரசு லாட்டரியின் திருவோணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு வாளையாறில் விற்ற ஒரு சீட்டுக்குப் போனது. எடுத்தவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். மறு ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி அதே பம்பர், அதே 25 கோடி. இந்த முறை வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் விற்ற சீட்டு. பரிசுக்கு உரியவர் கர்நாடகத்து மெக்கானிக் ஒருவர். வாளையாறு கோவை எல்லையில் இருக்கிறது. பத்தேரி மைசூர்ச் சாலையில் கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. குமரி மாவட்டத்து லாட்டரி ரசிகர்களுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் டீக்கடைப் பேச்சில் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் நூறு கடை இருக்கும், அங்கே போய்க் கூட்டத்தோடு கூட்டமாக எடுத்தால் அடிக்காது. இஞ்சிவிளையிலோ பாறசாலையிலோ பனச்சமூட்டிலோ ஒதுக்குப்புறமாக ஒரு சின்னக் கடை பார்த்து எடுக்கவேண்டும், எல்லைக் கடைக்குத்தான் ராசி. சொல்கிறவர்கள் வேலையற்றவர்கள் அல்லர். காலை ரயிலில் கேரளத்துக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர், ரப்பர் வெட்டுகிறவர், ஓய்வு பெற்ற வாத்தியார், நகைக்கடைக் கணக்கர் எல்லோரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு களியக்காவிளை வரை ஒரு நடை, எல்லை தாண்டி ஒரு பழம்பொரியும் சாயாவும், கூடவே நாலு சீட்டு என்று அதைச் சின்ன உல்லாசப் பயணமாகவே ஆக்கிக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன.

இவர்கள் கையில் இன்னொரு துருப்புச் சீட்டும் உண்டு. 2022 மே மாத விஷு பம்பரின் 10 கோடி ரூபாய் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த உறவினர்கள் இருவருக்கே கிடைத்தது. அதைச் சொல்லும்போது குரல் உயரும். அந்தச் சீட்டு எந்த எல்லைக் கடையிலும் வாங்கியதல்ல என்பது மட்டும் பேச்சில் வராது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை அழைத்துவரப் போனபோது, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எடுத்தது அது. பெருநகரத்தில், ஆயிரம் பேர் வந்துபோகும் இடத்தில். நம்பிக்கைக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தோட்டில் போட்டுவிடுவது எல்லா ராசிக் கதைகளுக்கும் பொதுவான வழக்கம்.

சூதாட்ட உலகம் முழுக்க இந்த நம்பிக்கைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் லாஸ் வேகஸ் வேண்டாம், லாஃப்லின், மெஸ்கீட் மாதிரிச் சின்ன ஊருக்குப் போனால் இயந்திரங்கள் தாராளமாகக் கொடுக்கும் என்று சொல்லிக்கொண்டு வண்டி கட்டுகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு காசினோவும் தன் இயந்திரம் எவ்வளவு பிடித்துக்கொள்ளவேண்டும் என்பதைச் சட்ட வரம்புக்குள் தானே தீர்மானிக்கலாம். நெவாடா மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் வட்டாரவாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. லாஸ் வேகஸின் ஸ்ட்ரிப் தெருவைவிட ரீனோ நகர இயந்திரங்கள் சற்றுக் குறைவாகவே பிடிக்கின்றன. ஆனால் எந்த ஊரிலும் அந்தப் பிடிமானம் ஆட்டக்காரருக்குச் சாதகமாகத் திரும்பியதில்லை. சின்ன ஊருக்குப் போகிறவர் மெதுவாகத் தோற்கிறார், அவ்வளவுதான்.

இஞ்சிவிளைக் கடைக்கு அந்த ஒரு துளி உண்மைகூட இல்லை. கேரளம் முழுவதற்கும் குலுக்கல் ஒன்றுதான். திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷன் பக்கத்தில் உள்ள கோர்க்கி பவனில், நடுவர் குழுவின் முன்னால், இயந்திரம் எண்களைச் சுழற்றி நிறுத்துகிறது. தினசரிச் சீட்டுக்கு மதியம் மூன்று மணி. நிற்கிற எண் காசர்கோட்டுக்குப் போனதா, களியக்காவிளைக்கு வந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சீட்டுகள் மாவட்ட லாட்டரி அலுவலகத்திலிருந்து முகவருக்குக் கட்டுக்கட்டாகப் போய், அங்கிருந்து சில்லறைக் கடைக்கும் நடந்து விற்பவருக்கும் பிரிகின்றன. வாளையாறில் 25 கோடி அடித்த சீட்டே கோழிக்கோட்டு முகவர் ஒருவர் வழியாக வந்ததுதான். அப்படியானால் ராசி கோழிக்கோட்டுக்கா, வாளையாறுக்கா?

பிறகு ஏன் எல்லையூர்களில் பெரிய பரிசுகள் விழுவதாகத் தோன்றுகிறது? காரணம் எளிது. அங்கே விற்பனை அதிகம். திருவோணம் பம்பர் விற்பனையில் 2023-லும் 2024-லும் முன்னணியில் நின்ற மாவட்டம் பாலக்காடு. திருவனந்தபுரமும் அல்ல, எறணாகுளமும் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வாளையாறு, கோவிந்தாபுரம் வழியாக வந்து எடுத்துப் போகிறவர்கள் அந்த விற்பனையைத் தூக்கி நிறுத்துகிறார்கள். நிறையச் சீட்டு விற்கும் இடத்தில் நிறையப் பரிசு விழும். நிறைய வெறுங்காகிதமும் அங்கேதான் விழும். பரிசு விழுந்த எண்ணைக் கடைக்காரர் ஃபிளக்ஸ் அடித்து முகப்பில் கட்டுகிறார். விழாத எண்களுக்கு ஃபிளக்ஸ் அடிப்பதென்றால் தேசிய நெடுஞ்சாலை 66 போதாது.

அந்தக் கடைகளில் ஒன்றின் முன்னால் சிறிது நேரம் நின்று பார்த்தாலே நம்பிக்கையின் நெசவு விளங்கும். பலகை மேசை, அதில் கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டிய சீட்டுகள், மேலே வெயிலுக்கு ஒரு குடை. வருகிறவர் முதல் சீட்டை எடுப்பதே இல்லை. “அண்ணா, ஏழுல முடியுத சீட்டு உண்டா?” என்று கேட்பார். இருக்கும். அதை வாங்கி இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். கூட்டுத்தொகை எட்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார், சனி எண்ணாம். பக்கத்தில் நிற்பவர் நேற்று அடித்த எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு, அது மறுபடி வராது என்று அதை ஒதுக்குவார். மூன்றாமவர் அது மறுபடி வரும் என்று அதையே தேடுவார். இருவருக்கும் கடைக்காரர் அதே முகத்தோடு சீட்டுக் கிழிக்கிறார். அவருக்குத் தேவை, குலுக்கலுக்கு முன் கட்டுத் தீரவேண்டும்; விற்காமல் நின்றுபோன சீட்டை அவர் திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டம் அவருடையது.

இனிக் கணக்குக்கு வரலாம். 2023 திருவோணம் பம்பரில் விற்றவை 75 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். விலை 500 ரூபாய். முதல் பரிசு ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். தோவாளை முதல் விளவங்கோடு வரை, கைக்குழந்தை உட்பட ஒருவர் விடாமல், இதே அளவில் நாலு மாவட்டத்து மக்களை ஒரே மைதானத்தில் நிறுத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரைத் தொடுவது எப்படியோ அப்படித்தான் அந்த முதல் பரிசு. தொடுகிற கை உங்கள் தோளில் படவேண்டும். நீங்கள் மைதானத்தின் எந்த மூலையில் நிற்கிறீர்கள் என்பதால் ஒன்றும் மாறுவதில்லை.

முதல் பரிசு மட்டுமா இருக்கிறது, சின்னப் பரிசுகள் லட்சக்கணக்கில் இல்லையா என்பார்கள். இருக்கின்றன. அந்த ஆண்டுப் பம்பரின் எல்லாப் பரிசுகளையும் ஐந்நூறு ரூபாய்ப் பரிசு வரை கூட்டினால் சுமார் 125 கோடி ரூபாய். விற்பனை வசூல் சுமார் 378 கோடி. அதாவது மக்கள் போட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 33 ரூபாய் பரிசாகத் திரும்பியது; மிச்சம் வரி, முகவர் பங்கு, செலவு, அரசின் வருவாய். இதோடு ஒப்பிட, சூதாட்டம் என்றாலே எல்லோரும் முகம் சுளிக்கும் காசினோவின் ரூலெட் மேசையைப் பாருங்கள். ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். சொன்ன எண் விழுந்தால் போட்ட பணத்தையும் சேர்த்து 36 மடங்கு கையில் வரும். காசினோ பிடித்துக்கொள்வது நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு. ரூலெட்டில் ஒரு மணி நேரத்தில் பல முறை பந்தயம் கட்டலாம் என்பதால் அங்கே பை காலியாவது வேகமாக நடக்கும், அது வேறு. ஆனால் ஒரே ஒரு பந்தயத்தை எடுத்துக்கொண்டால், கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பலில் ஏறி ஆடுகிறவனைவிட இஞ்சிவிளையில் குடைக்கு அடியில் நின்று சீட்டு எடுக்கிறவர் பல மடங்கு மோசமான பேரத்துக்குப் பணம் கொடுக்கிறார். அவரோ கோவாக்காரனைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்.

அடித்தாலும் 25 கோடி, 25 கோடியாக வராது. பரிசில் 10 சதவீதம் சீட்டு விற்ற முகவருக்கு. மிச்சத்தில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். கையில் 15.75 கோடி. அதற்கு மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும் தனியாகக் கட்டவேண்டும். பத்து ஆண்டு எடுத்த சீட்டுக்குச் செலவழித்ததைக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை.

2022-ல் இதே திருவோணம் பம்பர் 25 கோடி திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு அடித்தது. சில நாட்களிலேயே, உதவி கேட்டு வருகிறவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை, இதைவிடச் சின்னப் பரிசு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. லாட்டரிக் கடை ஒன்றைத் திறந்தார். லாட்டரியில் நிலையான வருமானம் மேசையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேரளத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

“அரசாங்கமே நடத்துகிறது, இது எப்படிச் சூதாட்டம்?” என்பது அடுத்த வாதம். இது கொஞ்சம் கனமானது. கேரள லாட்டரி 1967-ல் இ.எம்.எஸ். ஆட்சியில், நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞுவின் யோசனையில் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் முதல் பரிசு. குலுக்கல் நேர்மையாக நடக்கிறது, பரிசுப் பணம் தருகிறார்கள், மாற்றுத்திறனாளிகள் உட்பட ஏராளமானவர்கள் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்கள், 2011-12-ல் கே.எம். மாணி கொண்டுவந்த காருண்யா திட்டத்தில் ஏழை நோயாளிகளுக்குப் பணம் போனது எல்லாம் உண்மை. தமிழ்நாடும் 1968-ல் அண்ணா ஆட்சியில் பரிசுச் சீட்டு விற்ற மாநிலம்தான். ஆனால் நேர்மையாக நடப்பதால் சூதாட்டம் சூதாட்டம் இல்லாமல் ஆகிவிடாது. மாநில அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டத்தின் தன்மையை இழப்பதில்லை என்று 1999-ல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் லாட்டரி விற்பனையைத் தடுக்க 1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளின் விற்பனையையும் நிறுத்தியது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். கேரள லாட்டரி பிறப்பதற்குப் பதினொரு ஆண்டு முன்பு. அன்று கோடு கிழக்கே தள்ளி விழுந்திருந்தால் மார்த்தாண்டம் பாலத்தடியிலேயே சீட்டு விற்றிருப்பார்கள், எல்லைக் கடையின் ராசி இன்னும் கிழக்கே தோவாளைப் பூச்சந்தைப் பக்கம் போயிருக்கும். ராசி இருக்கும் இடத்தை மாநிலச் சீரமைப்புச் சட்டம் தீர்மானிக்கிறது என்று நம்ப யாராவது தயாரா?

சூதாட்டத்தை அனுமதித்த அரசுகள் தங்கள் சொந்த மக்களை எப்படி நடத்துகின்றன என்பதையும் பார்க்கவேண்டும். கோவா 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்களைக் காசினோவுக்குள் விடக்கூடாது என்று முடிவெடுத்தது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் காசினோவுக்குள் ஒரு நாள் நுழைய 150 சிங்கப்பூர் வெள்ளி கட்டவேண்டும். சுற்றுலாப் பயணி ஒரு காசு கட்டவேண்டாம். பணத்தை இழக்க வருகிறவன் வெளியூர்க்காரனாக இருந்தால் நல்லது என்பது இந்தக் கொள்கையின் சாரம். எல்லைக் கடைக்குப் போகும் குமரி மாவட்டத்துக்காரர் அந்த வெளியூர்க்காரர். அவருடைய 500 ரூபாயில் கேரளத்துக்குக் கிடைக்கும் பங்கு கேரளத்து மருத்துவமனைக்கும் சாலைக்கும் போகும். அதில் தவறில்லை, அது அவர்கள் லாட்டரி. “நல்ல காரியத்துக்குத்தானே போகுது” என்று சொல்லிக்கொண்டு எடுக்கிறவர் மட்டும், நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அதில் ஒரு பைசா வராது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

பம்பர் ஆண்டுக்குச் சில தடவைதான். தினசரிச் சீட்டுதான் ஆளை அரிக்கிறது. ஞாயிறு சம்ருத்தி, திங்கள் பாக்யதாரா, செவ்வாய் ஸ்த்ரீசக்தி, புதன் தனலட்சுமி, வியாழன் காருண்யா பிளஸ், வெள்ளி சுவர்ண கேரளம், சனி காருண்யா. எதற்கும் 50 ரூபாய், எதிலும் முதல் பரிசு ஒரு கோடி. பன்னிரண்டு தொடர், தொடருக்கு ஒன்பது லட்சம் ஆறு இலக்க எண்கள். முழுக்க அச்சிட்டால் ஒரு கோடியே எட்டு லட்சம் சீட்டு. வேலை முடிந்து திரும்பும் வழியில் நாளுக்கு ஒன்று எடுக்கிறவர் ஆண்டுக்கு 18,250 ரூபாய் எடுக்கிறார். இரண்டு எடுக்கிறவர் 36,500. “ஐம்பது ரூவாதானே, ஒரு சாயாவும் கடியும்” என்று அவரே சொல்வார். சாயா குடித்தவர் அடுத்த சாயாவுக்காக நேற்றைய சாயாவின் நட்டத்தை விரட்டுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறியபோது கேரள அரசு சீட்டின் விலையை 50 ரூபாயாகவே வைத்துக்கொண்டு, பரிசுகளிலும் முகவர் பங்கிலும் குறைத்தது. வாங்குகிறவர் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. அதே தாள், அதே விலை, உள்ளே சத்து மட்டும் குறைந்தது. எல்லைக் கடையில் இது பற்றி யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. ராசி பற்றிய பேச்சு மட்டும் குறையாமல் நடக்கிறது.

இந்த ராசிப் பேச்சு சும்மா கிடக்கும் மூடநம்பிக்கை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், அதன் நிழலில் வளரும் இன்னொரு தொழில். தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி. இதற்குக் கேரள முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் போதும். அச்சடித்த சீட்டு வேண்டாம், எல்லை தாண்டவேண்டாம். துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கேரள அரசின் குலுக்கலைக் கடன் வாங்கிக்கொண்டு, அந்த அரசின் எந்தப் பொறுப்பும் இல்லாமல் நடக்கும் முழுச் சட்டவிரோதம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் மூன்று சிறு பெண்குழந்தைகளும் இறந்துபோனார்கள். மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கியிருந்த குடும்பம் அது. எண்ணுக்கு ராசி உண்டு, இடத்துக்கு ராசி உண்டு என்று நம்பப் பழகிய ஆளிடம்தான் இந்த ஏஜென்டு முதலில் வருவான். கேரளக் கடையில் ஏழில் முடியும் சீட்டுத் தேடுகிறவரை, கடைசி மூன்று இலக்கத்துக்குப் பணம் கட்ட வைப்பதற்கு அதிகம் பேசவேண்டியதில்லை.

களியக்காவிளையைத் தாண்டி நடப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டுக் காவல்துறை பையில் ஒரு சீட்டு வைத்திருப்பவரைச் சோதிப்பதில் காட்டும் அக்கறையை மூன்று நம்பர் எழுதுகிறவன் மேல் காட்டினால் போதும். கேரள லாட்டரித் துறை செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கடை முகப்பில் ஃபிளக்ஸ் கட்ட அனுமதிக்கிறார்கள். அதே அளவில் இன்னொரு பலகை கட்டாயமாக்கட்டும். சென்ற பம்பரில் விற்ற சீட்டு எத்தனை, வசூலான பணம் எவ்வளவு, பரிசாகத் திரும்பியது எவ்வளவு, மூன்றே வரி. கணக்கு அவர்களிடம் இருக்கிறது. இஞ்சிவிளையிலும் பனச்சமூட்டிலும் ஆரியங்காவிலும் வாளையாறிலும் வரிசையில் நிற்பவர்களில் கணிசமானோர் தமிழ் வாசிக்கிறவர்கள் என்பதால், அந்த மூன்று வரியைத் தமிழிலும் எழுதவேண்டும்.